வலது மூலையில் ஒரு புள்ளி: விளம்பர இடைவேளையின் கதை

சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலை அடிவாரத்தில் இருக்கும் பனமரத்துப்பட்டி அரளிப்பூவுக்குப் பெயர் போன ஊர். மொட்டு விரியும் முன் பறித்து சேலம் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதால் வேலையெல்லாம் விடியற்காலையிலேயே ஓடும். சாயங்காலம்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம். அந்த நேரத்தில் இப்போது பலர் கையில் இருப்பது செல்போன். 2023, 2024 ஆண்டுகளில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களில் சில இதே சேலம் மாவட்டத்தில், வாழப்பாடி மைதானத்திலேயே நடந்தன. நேரில் போக முடியாதவர்கள் போனில் பார்த்தார்கள்.

இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். ஓவரின் ஆறாவது பந்து. மட்டையில் பட்டு மேலே எழும்புகிறது. கீழே ஒருவர் ஓடி வருகிறார்... டக்கென்று திரையில் ஒரு சோப்பு விளம்பரம்! பிடித்தாரா, விட்டாரா? முப்பது விநாடி கழித்துத்தான் தெரியும். மைதானம் இருப்பது இதே மாவட்டத்தில், சோப்பு எங்கிருந்து வந்ததோ!

கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. இடைவேளை சரியாக அந்த விநாடியில் வர வேண்டும் என்று தீர்மானித்தது யார்? இதற்குப் பதில் தேடினால் டெண்ட் கொட்டாய் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

கொட்டாயில் மூன்று இடைவேளை

சினிமா பார்ப்பதில் இடைவேளை என்பது முதலில் விளம்பரத்துக்காக வந்ததல்ல, இயந்திரத்துக்காக வந்தது. 35 எம்.எம். படச்சுருளில் 1000 அடி ஓடினால் சுமார் 11 நிமிடம். 2000 அடி என்றால் ஏறக்குறைய 22 நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்தை ஒரே சுருளாக மாட்ட முடியாது. நகரத்துத் தியேட்டர்களில் இரண்டு புரொஜெக்டர்கள் இருந்தன. ஒன்றில் ரீல் முடியும்போது மற்றொன்றை ஓட விடுவார்கள், பார்ப்பவருக்குத் தெரியாது.

அது எப்படிச் சரியாக அமைந்தது? படத்தின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டப் புள்ளி கண நேரம் தோன்றி மறையும். ரீல் முடிய ஏறக்குறைய எட்டு விநாடி இருக்கும்போது முதல் புள்ளி வரும். "இரண்டாவது மெஷின் மோட்டாரைப் போடு" என்று அதற்கு அர்த்தம். முடிய ஒரு விநாடி இருக்கும்போது இரண்டாவது புள்ளி. உடனே மாற்ற வேண்டும். பழைய படங்களை உற்றுப் பார்த்தால் இந்தப் புள்ளியை இன்றும் பிடிக்கலாம். (ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு கதையை விட்டுவிட்டு மூலையையே பார்க்கத் தோன்றும், எச்சரிக்கை!) இந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வரப் போகிறது.

கிராமத்து டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். புள்ளி வந்தாலும் மாற்றுவதற்கு இரண்டாவது மெஷின் இல்லை. ஆகவே சுருள் தீர்ந்ததும் விளக்கு எரியும். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை கூட வரும். முறுக்கு, சோடா, கடலை மிட்டாய் விற்பவர்கள் மணல் தரையில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். அந்த நேரத்தில் திரை சும்மா இருப்பானேன்? கண்ணாடித் துண்டில் கருப்பு மையைப் பூசி, அதை ஊசியால் கீறி எழுதிய ஸ்லைடுகள் திரைக்கு வந்தன. ஜவுளிக்கடை, நகைக்கடை, சைக்கிள் கடை, நாட்டு வைத்தியர் என்று எல்லாமே சுற்று வட்டாரக் கடைகள்.

சேலம் மாவட்டத்துக்கு சினிமா புதிதல்ல. டி.ஆர். சுந்தரம் 1930களிலேயே ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவை நடத்திய ஊர் சேலம். ஆனால் அங்கே எடுத்த படம் பக்கத்துக் கிராமத்தின் கொட்டாய்க்கு வந்தபோது அதன் இடைவேளைகளை முடிவு செய்தது இயக்குநரும் அல்ல, தயாரிப்பாளரும் அல்ல. சுருளின் நீளம்தான். காதலி கிணற்றில் குதிக்கப் போகும் இடத்திலும் ரீல் தீரலாம், காமெடி நடுவிலும் தீரலாம். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை. விளக்கு எரிந்தால் ஆபரேட்டர் சுருள் மாட்டுகிறார் என்று கண்ணால் பார்க்கவே முடிந்தது. இடைவேளைக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது.

வானொலியில் புகுந்த விளம்பரம்

வானொலிக்கு ரீல் மாற்றும் வேலை இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு சந்து கிடைத்தது. அந்தச் சந்தை நம் பக்கத்தில் முதலில் நன்றாகப் பயன்படுத்தியது இலங்கை வானொலி. 1950-ம் ஆண்டு அதன் வர்த்தக சேவை தொடங்கியது. 1952-ல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் செய்தார். காதுகள் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டன! தமிழ்நாட்டு வீடுகளில் மயில்வாகனன், பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் சொந்தக்காரர் குரல் போல ஆயின. விளம்பரத்தையும் அதே குரல்தான் சொல்லும் என்பதால் பாட்டு எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்ற கோடு மெலிதாக இருந்தது. கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சுக்காகவே விளம்பரத்தைக் கேட்டவர்களும் உண்டு.

இந்தியா தாமதமாகத்தான் விழித்தது. 1957-ல் விவிதபாரதி பிறந்தாலும், அதில் விளம்பரம் வந்தது 1967 நவம்பர் 1-ம் தேதி, பம்பாயிலிருந்து. காசு கைமாறும் ஒவ்வொரு விநாடியும் தாளில் எழுதப்பட வேண்டும், எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு ஓடியது என்று கணக்கு காட்ட வேண்டும் என்ற பழக்கம் இதோடு வந்தது. இன்றைக்கு தொலைக்காட்சி நிலையங்களில் 'டிராஃபிக்' என்று அழைக்கப்படும் பிரிவு செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். (சாலையில் நிற்கும் போலீஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

"இயற்கையான இடைவெளி"

இங்கே கொஞ்ச நேரம் வெளிநாடு போய் வர வேண்டும். ஏனென்றால் நம் கேள்வியை முதலில் சட்டத்தில் எழுதியது இங்கிலாந்து.

உலகின் முதல் அதிகாரபூர்வத் தொலைக்காட்சி விளம்பரம் 1941 ஜூலை 1-ம் தேதி நியூயார்க்கில் ஓடியது. புலோவா கடிகார நிறுவனத்தின் விளம்பரம், சில விநாடிகள்தான். கட்டணம் 9 டாலர் என்று சொல்வார்கள். அது ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டும் விளம்பரமும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டவை!

அமெரிக்கா போகும் போக்கைப் பார்த்து இங்கிலாந்து பயந்தது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியபோது, அந்த ஒளிபரப்போடு ஜே. ஃபிரெட் மக்ஸ் என்ற சிம்பன்சிக் குரங்கும் திரையில் வந்தது. ராணிக்குப் பக்கத்தில் குரங்கா என்று லண்டனில் பெரிய சத்தம். அடுத்த ஆண்டு, அதாவது 1954-ல், வணிகத் தொலைக்காட்சியை அனுமதிக்கும் சட்டம் வந்தபோது அதில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. விளம்பரம் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வரலாம், முடிவில் வரலாம். நடுவில் வருவதானால் அங்கே 'இயற்கையான இடைவெளி' இருக்க வேண்டும். 1955 செப்டம்பர் 22 அன்று ஐ.டி.வி. அலைவரிசை ஒரு பற்பசை விளம்பரத்தோடு இந்தக் கணக்கைத் தொடங்கியது.

இயற்கையான இடைவெளி என்றால் என்ன? ஆட்டத்தில் பாதி நேரம் இயற்கை. நாடகத்தில் காட்சி மாறுவது இயற்கை. ஆனால் வியாபாரிகள் விட்டுவிடுவார்களா? நடுவில் இடைவெளி வரும்படியே நாடகத்தை எழுதச் சொன்னால் அதுவும் 'இயற்கை'தானே! அதுதான் நடந்தது. இடைவெளி இருக்கும் இடத்தில் விளம்பரம் போய், விளம்பரம் வேண்டிய இடத்தில் இடைவெளியை உண்டாக்கும் கலை பிறந்தது. கதாநாயகன் கதவைத் திறக்கிறான், உள்ளே பார்த்து அதிர்கிறான்... விளம்பரம். நம் ஊர் சீரியல்கள் இதற்கு எவ்வளவோ கடமைப்பட்டிருக்கின்றன.

நம் பழைய புள்ளியும் இங்கே வந்து சேர்ந்தது. ஐ.டி.வி. நிறுவனங்கள் பல ஊர்களில் தனித்தனியாக இயங்கின. ஒவ்வொரு ஊரும் தன் உள்ளூர் விளம்பரத்தை ஒரே சமயத்தில் நுழைக்க வேண்டும். அதற்காக இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னச் சதுரம் ஒன்று தோன்றும். ஐந்து விநாடி இருக்கும்போது மறையும். மறைந்ததும் எல்லா ஊர்களிலும் விளம்பர டேப் ஓடத் தொடங்கும். புரொஜெக்டர் ஆபரேட்டர் பார்த்த அதே மூலை!

தடங்கலுக்கு வருந்துகிறோம்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்டது. 1980களின் நடுவில் மறு ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று பெருகியபோது சின்ன ஊர்களிலும் கூரை மேல் ஆன்டெனாக்கள் முளைத்தன. 1984-ல் 'ஹம் லோக்' தொடர் ஒரு நூடுல்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடு வந்து, 'வழங்குபவர்கள்' என்ற வழக்கத்தைப் பரவலாக்கியது. அந்தக் காலத்து விளம்பரங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி தொடங்கும் முன் கொத்தாக வந்து போகும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தொடங்குவதற்கு முன் வரும் விளம்பரங்களை, "ஆரம்பிச்சிடுச்சு, வாங்க" என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிடும் மணியோசையாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தலைமுறை மறக்காத ஓர் அட்டை உண்டு. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்.' ஒளிபரப்பில் கோளாறு வந்தால் இந்த எழுத்துகள் தோன்றும். வேண்டுமென்றே செய்யாத தடங்கலுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். வேண்டுமென்றே செய்கிற தடங்கலுக்கு அன்றும் இன்றும் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை என்பது வேடிக்கை.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. கேபிள் யுகம் தொடங்கியது. 1999-ல் 'சித்தி' போன்ற தொடர்கள் வந்தபோது இடைவேளை கதையின் உறுப்பாகவே ஆகிவிட்டது. 'ஒரு சிறு இடைவேளைக்குப் பிறகு' என்ற வாக்கியம் அன்றாடப் பேச்சிலும் நுழைந்தது. ஆனால் இந்த இடைவேளையில் வீடுகளுக்கு ஓர் உபயோகம் இருந்தது. குழம்பைக் கிளறுவது, தண்ணீர் பிடிப்பது, பையனை வீட்டுப்பாடம் எழுத உட்கார வைப்பது என்று எல்லா வேலையும் அந்த நாலைந்து நிமிடத்தில் முடியும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் இடைவேளை என்பதால் வாசலுக்கு வந்து "அவன் ஏன் அப்படிப் பண்ணினான்?" என்று கதை பேசவும் முடிந்தது.

ஒரு பக்கம் இழப்பும் இருந்தது. கொட்டாய் ஸ்லைடில் இடம் பிடித்த உள்ளூர் ஜவுளிக்கடைக்கு மாநிலம் முழுவதும் பார்க்கும் சேனலில் பத்து விநாடி வாங்கக் கட்டுப்படியாகாது. (நம் நாட்டில் தொலைக்காட்சி விளம்பர விலை பத்து விநாடிக் கணக்கில்தான் பேசப்படும்.) கேபிள் ஆபரேட்டர் தன் சொந்த உள்ளூர் சேனலில் பழைய படத்தைப் போட்டு அடியில் எழுத்தாக ஓட விட்டபோதுதான் அந்தக் கடைகள் மறுபடி திரைக்கு வந்தன. ஆடித் தள்ளுபடியும் கோயில் கும்பாபிஷேக அறிவிப்பும் கதாநாயகனின் கால் மேல் ஓடும்.

பன்னிரண்டு நிமிடச் சண்டை

சேனல்கள் பெருகப் பெருக விளம்பரமும் பெருகியது. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் என்று இருந்தது. 10 நிமிடம் வியாபார விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். காகிதத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

2012 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கடுமையான உத்தரவு போட்டது. இதில் வெறும் நிமிடக் கணக்கு மட்டும் இல்லை. ஒரு இடைவேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 15 நிமிடம் இருக்க வேண்டும், சினிமா என்றால் 30 நிமிடம். நேரலை விளையாட்டில் ஆட்டம் நிற்கும்போது மட்டுமே விளம்பரம். திரையின் பாதியை மறைத்து வரும் விளம்பரம் கூடாது. அதாவது இங்கிலாந்து 1954-ல் சொன்ன 'இயற்கையான இடைவெளி'யை இந்தியா 58 ஆண்டு கழித்துத் திரும்பச் சொன்னது!

சேனல்கள் கொதித்தெழுந்தன. 2013 மார்ச்சில் வந்த திருத்தத்தில் இடைவெளி நிபந்தனைகள் எல்லாம் போய், 12 நிமிட வரம்பு மட்டும் மிஞ்சியது. அதுவும் அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு வழக்கு நடந்தது, எந்த நிமிடம் என்ற கேள்வி சத்தமில்லாமல் மேசையிலிருந்து இறங்கிவிட்டது. உண்மையில் பார்ப்பவரை அதிகம் உறுத்துவது இரண்டாவதுதான். நல்ல இடத்தில் வரும் ஐந்து நிமிடத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்ச் நடுவில் வரும் ஐந்து விநாடியைப் பொறுக்க மாட்டார்கள்.

எட்டுப் பந்தும் ஆறு பந்தும்

இப்போது கிரிக்கெட்டுக்கு வரலாம். விளம்பரக்காரர்களுக்காகவே கடவுள் படைத்த விளையாட்டு என்றால் அது இதுதான். கால்பந்தில் 45 நிமிடம் மூச்சு விட இடமில்லை. கிரிக்கெட்டிலோ ஆறு பந்துக்கு ஒருமுறை இயற்கையான இடைவெளி!

ஆஸ்திரேலியாவில் 1978-79 சீசன் வரை ஓவருக்கு எட்டுப் பந்துகள். கெர்ரி பேக்கரின் சேனல் நைன் 1979-ல் ஒளிபரப்பு உரிமை பெற்ற அதே சமயத்தில் ஆறு பந்து ஓவர் வந்தது. ஒரு சின்னக் கணக்கு: இன்றைய டி20 ஆட்டத்தில் 240 பந்துகள். எட்டுப் பந்து ஓவரானால் 30 ஓவர், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ஓவர்களுக்கு நடுவே 28 இடைவெளி. ஆறு பந்தானால் 40 ஓவர், 38 இடைவெளி. பந்து ஒன்றும் கூடவில்லை, பத்து இடைவேளை லாபம்.

ஐ.பி.எல். இதிலும் திருப்தி அடையவில்லை. 2009-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த தொடரில் ஒவ்வொரு இன்னிங்ஸின் நடுவிலும் ஏழரை நிமிட 'வியூக இடைவேளை'யை நுழைத்தார்கள். ஆட்டத்தின் வேகமே கெடுகிறது என்று வீரர்கள் முணுமுணுக்க, அடுத்த ஆண்டு முதல் அது இன்னிங்ஸுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம் என்று உடைக்கப்பட்டது. பெயர் என்னவோ வியூகம். யாருடைய வியூகம் என்பதை வாசிப்பவர்களே யோசித்துக்கொள்ளலாம்!

பணம் எங்கே போகிறது என்பதற்கு ஒரே ஒரு புள்ளிவிவரம் போதும். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். உரிமை 2022-ல் ஏலம் போனபோது இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய், இணைய உரிமை 23,758 கோடி ரூபாய். கைக்குள் அடங்கும் திரை பெரிய திரையை முந்தியது. அடுத்த ஆண்டு உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள்.

புள்ளி மறைந்த இடம்

சரி, போனில் அந்த சோப்பு எப்படி வருகிறது?

இணையத்தில் நேரலை என்பது ஒரே நீளமான ஓட்டம் அல்ல. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த முறையும் அதைப் போன்றவையும் வீடியோவைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகின்றன. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். போன் அந்தப் பட்டியலைப் படித்துப் படித்து ஒவ்வொரு துண்டாக வாங்கிக் காட்டும். பூ மாலை தொடுப்பது போலத்தான். நாரில் அடுத்தடுத்து எந்தப் பூ வந்தாலும் மாலை தொடரும். அரளி, அரளி, அரளி, நடுவில் ஒரு கனகாம்பரம். அந்தக் கனகாம்பரம்தான் விளம்பரம்.

எந்த இடத்தில் கனகாம்பரம் வைப்பது? ஓவர் முடிந்ததும் ஒளிபரப்பு அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்துகிறார். உடனே வீடியோவோடு சேர்த்து ஒரு குறி அனுப்பப்படுகிறது. "இத்தனை விநாடியில் இடைவேளை தொடங்கும், இத்தனை விநாடி நீளம்" என்று அந்தக் குறி சொல்லும். இதற்கான பொதுவான விதிமுறைக்கு எஸ்.சி.டி.இ. 35 என்று பெயர். அமெரிக்க கேபிள் துறை 2001-ல் வெளியிட்டது. அதே புள்ளி, அதே வேலை! ஆனால் மூலையில் தெரிந்த புள்ளி இப்போது கண்ணுக்கே தெரியாத எண்களாகிவிட்டது.

குறியைப் பார்த்ததும் சர்வர் பட்டியலில் ஆட்டத்தின் துண்டுகளை எடுத்துவிட்டு விளம்பரத் துண்டுகளைச் செருகுகிறது. சர்வரிலேயே செருகினால் தையல் தெரியாது, விளம்பரத் தடுப்பான்களும் ஏமாறும். சில செயலிகளில் போனே தனியாக விளம்பரத்தைக் கூப்பிடும். அப்போதுதான் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும் தொல்லை.

ஆறாவது பந்தின் முடிவு விழுங்கப்படுவதும் இங்கேதான். பொத்தான் இரண்டு விநாடி முந்தினால் கேட்ச் போச்சு. திரும்பி வரும்போதும் இதே ஆபத்து. சர்வதேச டி20, ஒருநாள் போட்டிகளில் ஓவர்களுக்கு நடுவே 60 விநாடிக்குமேல் எடுக்கக்கூடாது என்று ஐ.சி.சி. 2023 டிசம்பரில் சோதனையாகவும் 2024 ஜூன் முதல் நிரந்தரமாகவும் கடிகாரம் வைத்திருக்கிறது. அறுபது விநாடிக்குள் முப்பது, நாற்பது விநாடி விளம்பரம். பந்து வீச்சாளர் வேகமாகத் தயாராகிவிட்டால் "சீக்கிரம் திரும்பு" என்ற குறியும் போக வேண்டும். அது தாமதமானால் முதல் பந்து போச்சு.

முக்கியமான மாற்றம் இன்னொன்று. குறி எல்லோருக்கும் ஒன்றுதான், செருகப்படும் துண்டு ஆளுக்கு ஆள் வேறு. பனமரத்துப்பட்டியில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு டிராக்டர், இன்னொருவருக்கு ஆன்லைன் படிப்பு. ஊரைப் பார்த்து விளம்பரம் கொடுக்க முடியும் என்பதால் கொட்டாய் ஸ்லைடோடு காணாமல் போன உள்ளூர்க் கடை மறுபடி உள்ளே வர வழி கிடைத்திருக்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் வாசலுக்கு வந்து பேச ஒரே இடைவேளை இல்லை. அதோடு, விளம்பரம் வந்து இறங்கும் டேட்டாவுக்கும் பார்ப்பவரே காசு கொடுக்கிறார். கொட்டாயில் ஜவுளிக்கடை ஸ்லைடு பார்க்கத் தனி டிக்கெட் வாங்கியவர் யாரும் இல்லையே!

பத்து நிமிடம், ஓரிரு விநாடி

கிரிக்கெட்டில் ஓவராவது இருக்கிறது. சமையல் வீடியோவில் ஓவர் எங்கே?

2005-ல் தொடங்கிய யூடியூபில் 2007-ல் வீடியோவின் அடியில் பட்டையாக விளம்பரம் வந்தது. 2010 டிசம்பரில் ஐந்து விநாடி கழித்துத் தாண்டிப் போகும் பொத்தான் வந்தது. விளம்பர வரலாற்றிலேயே பார்ப்பவர் கையில் கொடுக்கப்பட்ட அபூர்வமான அதிகாரம் இது. பிறகு வீடியோவின் நடுவே விளம்பரம் வைக்கும் வசதி வந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் மட்டும். விளைவு? ஆறு நிமிடத்தில் முடிய வேண்டிய வெங்காயச் சட்னி பத்து நிமிடம் ஒரு விநாடிக்கு நீண்டது! "வணக்கம் நண்பர்களே"வுக்கே ஒன்றரை நிமிடம். 2020 ஜூலையில் வரம்பு எட்டு நிமிடமாகக் குறைந்ததும் பல வீடியோக்கள் அதிசயமாக எட்டு நிமிடத்துக்குச் சுருங்கின. ரீலின் நீளம் கொட்டாயில் இடைவேளையைத் தீர்மானித்தது, இங்கே இடைவேளை வீடியோவின் நீளத்தைத் தீர்மானித்தது.

கிராமத்து ஆட்களுக்கு இது பிழைப்பாகவும் ஆனது என்பதை மறக்கக்கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்து வயல்வெளியில் சமைக்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனலானது. யூடியூபில் இடைவேளையை எங்கே வைப்பது என்று வீடியோ போடுபவர் கையால் குறிக்கலாம், அல்லது இயந்திரத்திடம் விட்டுவிடலாம். கறி கொதிக்கும்போது வைப்பதா, கொதித்து முடிந்து இறக்கும்போது வைப்பதா என்பது இப்போது சமையல்காரரின் முடிவு. நேரலையாக விளையாட்டு ஆடிக் காட்டும் ட்விட்ச் தளத்தில் இது இன்னும் வெளிப்படை. மணிக்கு மூன்று நிமிடம் விளம்பரம் ஓட்டச் சம்மதித்தால், புதிதாக உள்ளே வருபவருக்கு வாசலிலேயே வரும் விளம்பரம் நிறுத்தப்படும். முக்கியமான கட்டம் வந்தால் அடுத்த இடைவேளையைச் சற்றுத் தள்ளிப்போடவும் பொத்தான் உண்டு. ஆபரேட்டர் அறைக்கு வெளியே வந்து, பார்வையாளர்களோடு பேசிக்கொண்டே சுருள் மாற்றுவது போல.

இயந்திரத்திடம் விட்டவர்களின் வீடியோக்களில் பல வருடங்களாக வாக்கியத்தின் நடுவிலேயே விளம்பரம் பாய்ந்தது. "இதில் நாம் சேர்க்க வேண்டிய முக்கியமான பொருள்..." என்றதும் கார் விளம்பரம். பார்ப்பவர்கள் வீடியோவையே மூடிவிட்டுப் போனார்கள். கடைசியில் யூடியூப் 2025-ல் ஒரு மாற்றத்தை அறிவித்தது. மே 12 முதல், பேச்சு நிற்கும் இடம், காட்சி மாறும் இடம் போன்றவற்றைப் பார்த்து நடு விளம்பரங்களை வைப்போம், வாக்கியத்தின் நடுவிலோ சண்டைக் காட்சியின் நடுவிலோ வருவதைக் குறைப்போம் என்றது. அந்த இடங்களுக்கு யூடியூப் வைத்த பெயர், 1954-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே பெயர்: இயற்கையான இடைவெளி.